ஓடாத வண்டிக்கும் டயர் வயசாகும்: கேரவன், டூரிஸ்ட் வேன் டயர்களை எப்போது மாற்றுவது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெங்களூருவிலிருந்து தெற்கே இறங்கும் 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை கிருஷ்ணகிரியையும் தருமபுரியையும் தொட்டுக்கொண்டு தொப்பூர் கணவாய் வழியாகச் சேலம் போகிறது. வருடம் முழுக்க ஓடும் லாரிகளுக்கு டயர் தேய்ந்துதான் தீரும். ஆனால் கேரவன், சபரிமலை சீசனுக்கு மட்டும் வெளியே வரும் வேன், மாங்காய் சீசன் முடிந்ததும் கொட்டகையில் நிற்கும் பிக்கப் போன்ற வண்டிகளுக்குக் கணக்கு வேறு. இவற்றில் டயர் தேய்வதற்கு முன்பே கெட்டுவிடும். அப்படிப்பட்ட வண்டி வைத்திருப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கான பதில்கள் இவை.

பட்டன் (டயரில் சாலையைத் தொடும் வரிப் பகுதி) புதுசு மாதிரி இருக்கிறது. 20,000 கிலோமீட்டர்கூட ஓடவில்லை. எதற்கு மாற்ற வேண்டும்?

பட்டன் ஆழம் சாலையைப் பிடிக்கும் திறனைத்தான் காட்டும். டயரின் உடம்பு எப்படி இருக்கிறது என்பதை அது காட்டாது.

டயர் ரப்பர் இரண்டு பக்கமிருந்தும் கெடுகிறது. வெளியே வெயிலும் காற்றில் உள்ள ஓசோனும் டயரின் பக்கச் சுவரான சைடுவாலைத் தாக்குகின்றன. இதைத் தடுக்க ரப்பர் கலவையிலேயே ஒருவகை மெழுகும் பாதுகாப்பு ரசாயனங்களும் சேர்த்திருப்பார்கள். டயர் உருண்டு, நசுங்கி, விரியும்போது அவை உள்ளிருந்து மேற்பரப்புக்குக் கசிந்து வந்து ஒரு மெல்லிய பூச்சாகப் படியும். வண்டி நின்றே இருந்தால் அந்தக் கசிவு குறைந்துபோகும். அதனால்தான் தினமும் ஓடும் வண்டியின் டயரைவிட நிற்கும் வண்டியின் டயரில் வெடிப்பு முன்னதாகவே விழுகிறது.

உள்ளே நடப்பது இன்னும் மோசம். அழுத்தி அடைத்த காற்றிலுள்ள ஆக்சிஜன் கொஞ்சம் கொஞ்சமாக டயரின் உள்சுவரை ஊடுருவி, பட்டனுக்கு அடியில் சுற்றியிருக்கும் எஃகுக் கம்பி பெல்ட்டுகளுக்கு நடுவே இருக்கும் ரப்பரைக் கெட்டியாக்குகிறது. இழுத்தால் நீளாமல் பட்டென்று அறும் பழைய ரப்பர் பேண்டின் நிலைக்கு அது வந்துவிடும். பெல்ட்டின் ஓரத்தில் முதலில் மயிரிழை அளவுக்குப் பிளவு விழும். பாரமும் வேகமும் சூடும் சேரும்போது அந்தப் பிளவு சுற்றிலும் ஓடும். ஒரு கட்டத்தில் பட்டன் பகுதி முழுசாக உரிந்து பறக்கும். கேரவனில் இது வெறும் பஞ்சரோடு நிற்காது. உரிந்த பட்டை சாட்டை மாதிரி சுழன்று மட்கார்டு, வயரிங், தண்ணீர் டேங்க், கேஸ் குழாய் என்று அருகில் உள்ள எல்லாவற்றையும் கிழித்துவிடும்.

வெப்பம் கூடக்கூட இந்த வினை வேகமாகும். 10 டிகிரி கூடினால் ஏறத்தாழ இரண்டு மடங்கு என்பது ரசாயனத்தில் பொதுவாகச் சொல்லும் கணக்கு. சித்திரை, வைகாசியில் நம் பக்கம் திறந்தவெளியில் நிற்கும் வண்டியின் டயர் குளிர்நாட்டு டயரைவிட வேகமாக மூப்படையும். அமெரிக்காவின் சாலைப் பாதுகாப்பு அமைப்பான என்.எச்.டி.எஸ்.ஏ.வும், வெயில் கடுமையான அரிசோனா மாநிலத்தின் ஃபீனிக்ஸ் நகரில் ஓடிய டயர்களைச் சோதித்து இதைத்தான் கண்டது.

டயர் எந்த வருடத்தது என்று எப்படிப் பார்ப்பது?

சைடுவாலில் ‘டி.ஓ.டி.’ என்ற ஆங்கில எழுத்துகளில் தொடங்கும் குறியீட்டைத் தேடுங்கள். சில இந்திய டயர்களில் அந்த எழுத்துகள் இல்லாமல், நீள்வட்டக் கட்டத்துக்குள் நான்கு இலக்கம் மட்டும் இருக்கும். முதல் இரண்டு இலக்கம் வாரம், அடுத்த இரண்டு வருடம். 4719 என்றிருந்தால் 2019-ஆம் வருடத்தின் 47-ஆவது வாரம், அதாவது நவம்பர் மாதத்தில் செய்தது. மூன்றே இலக்கம் இருந்தால் அது 2000-க்கு முந்தைய டயர். அதை அன்றைக்கே கழற்றிவிடுங்கள்.

தேதி பெரும்பாலும் ஒரு பக்கச் சுவரில்தான் இருக்கும். மாட்டும்போது அந்தப் பக்கம் உள்ளே போயிருந்தால் வெளியிலிருந்து தெரியாது. முன் டயர் என்றால் ஸ்டியரிங்கை ஒரு பக்கமாக முழுக்க ஒடித்து, செல்போனை உள்ளே நீட்டி ஃபிளாஷ் போட்டுப் படம் எடுங்கள். பின்பக்க இரட்டைச் சக்கரத்தில் உள் டயரின் தேதியைப் பார்க்க வண்டிக்கு அடியில் போகவேண்டி வரலாம். சமதளத்தில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, கட்டை வைத்துவிட்டுத்தான் போகவேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்குக் கீழே ஒருபோதும் படுக்காதீர்கள்.

ஸ்டெப்னியோடு சேர்த்து எல்லா டயரின் தேதியையும் ஒரு தாளில் எழுதி டேஷ்போர்டில் வைத்துக்கொள்ளுங்கள். பழைய கேரவன் வாங்குபவர்கள் விலை பேசுவதற்கு முன்பே இதைச் செய்யவேண்டும். ஆறு டயரும் ஸ்டெப்னியும் மாற்றவேண்டிய நிலையில் இருந்தால் அது வண்டி விலையில் கழிக்கவேண்டிய பெரிய தொகை.

சரி, எத்தனை வருடத்தில் மாற்றவேண்டும்? ஒரே எண்ணாகச் சொல்லுங்கள்.

ஒரே எண்ணாகச் சொன்னால் அது பொய்யாகிவிடும். இரண்டு எண் சொல்லலாம்.

செய்த தேதியிலிருந்து 10 வருடம் என்பது கடைசி எல்லை. டயர் தயாரிக்கும் மிஷலின் நிறுவனம், டயர் பயன்பாட்டுக்கு வந்து 5 வருடம் ஆனதும் வருடம் ஒருமுறை தேர்ந்த ஆளிடம் காட்டச் சொல்கிறது. பார்வைக்கு நன்றாக இருந்தாலும் 10 வருடத்தில் ஸ்டெப்னி உட்பட மாற்றச் சொல்கிறது. கார் நிறுவனங்கள் பலவும் 6 வருடம் என்கின்றன.

இந்த வெயிலுக்கும், கேரவன் எப்போதும் சுமந்து நிற்கும் பாரத்துக்கும் எங்கள் கருத்து இதுதான். முன் டயர்களை 6 வருடத்தில் மாற்றுங்கள், பின் டயர்களை 7 வருடத்தில் மாற்றுங்கள். 5 முடிந்ததும் வருடத்துக்கு ஒருமுறை கடையில் கழற்றி உள்பக்கத்தையும் பாருங்கள். கொட்டகை நிழலில், காற்று குறையாமல், மாதாமாதம் ஓடிய வண்டி என்றால் பின் டயருக்கு இன்னும் ஒரு வருடம் கொடுக்கலாம். திறந்தவெளியில் தெற்கு வெயில் படும்படி நின்ற வண்டி என்றால் அந்தப் பக்கத்து டயர்களுக்கு 5 வருடத்திலேயே காலம் முடிந்திருக்கலாம். ஒரே வண்டியில் வெயில் பட்ட பக்கமும் நிழல் பட்ட பக்கமும் வேறு வேறு நிலையில் இருப்பது சகஜம்.

முன் டயருக்கு ஏன் இந்தக் கண்டிப்பு என்றால், பின்னால் இரட்டையில் ஒன்று போனால் பக்கத்து டயர் கொஞ்ச நேரம் தாங்கும். முன்னால் ஒன்று போனால் ஸ்டியரிங் அந்தப் பக்கம் இழுக்கும். தொப்பூர் இறக்கத்தில் அப்படி இழுத்தால் வண்டியைத் திருப்ப இடமே இருக்காது.

எஃப்.சி. (வண்டிக்கான தகுதிச் சான்று) பாஸ் ஆகிவிட்டதே, பிறகென்ன?

நம் மோட்டார் வாகன விதிகள் பட்டன் ஆழத்துக்கு வரம்பு வைத்திருக்கின்றன. நான்கு சக்கர வண்டிகளுக்கும் அதற்கு மேற்பட்டவற்றுக்கும் குறைந்தது 1.6 மி.மீ. இருக்கவேண்டும். டயரின் வயதுக்கு வரம்பு இல்லை. எனவே 9 வருட டயரோடும் எஃப்.சி. வாங்கிவிடலாம்.

பிரிட்டன் இதில் ஒரு படி முன்னே போயிருக்கிறது. 2012 செப்டம்பரில் அங்கே ஒரு இசைவிழாவிலிருந்து திரும்பிய பஸ்ஸின் முன் டயர் வெடித்து 3 பேர் இறந்தார்கள். அந்த டயருக்கு 19 வயதுக்கு மேல். அதன் பட்டன் சட்டப்படி சரியாகத்தான் இருந்தது. நீண்ட போராட்டத்துக்குப் பிறகு 2021 பிப்ரவரி 1 முதல் லாரி, பஸ்களின் முன் அச்சிலும், மினி பஸ்களின் ஒற்றைச் சக்கரங்களிலும் 10 வருடத்துக்கு மேற்பட்ட டயர் ஓடக்கூடாது என்று அங்கே சட்டம் வந்தது. நம் ஊரில் சட்டம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை.

சைடுவாலில் மெல்லிய வெடிப்பு தெரிகிறது. இதோடு ஓட்டலாமா?

வெடிப்பின் நீளத்தைவிட ஆழம்தான் முக்கியம். முதலில் டயரைச் சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவிடுங்கள். செம்மண் அடைத்திருந்தால் வெடிப்பே கண்ணுக்குத் தெரியாது. பிறகு மூன்று இடத்தைப் பாருங்கள்: சைடுவாலின் நடுப்பகுதி, டிஸ்க்கோடு (டயர் மாட்டும் இரும்புச் சக்கரம்) டயர் சேரும் விளிம்பு, பட்டன் வரிகளுக்கு அடியில் உள்ள பள்ளம். மூன்றாவதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். ஓரத்துப் பள்ளத்தின் அடியில் சுற்றுவாட்டில் ஓடும் கோடு, பெல்ட் ஓரம் தளர்வதன் அறிகுறியாக இருக்கலாம்.

ஆழம் அளக்கும் கருவியான டெப்த் கேஜின் ஊசியை வெடிப்பில் இறக்கிப் பாருங்கள். 0.8 மி.மீ.க்குக் குறைவாக, மேல்தோல் அளவில் இருந்தால் ஓட்டலாம், மாதாமாதம் கவனியுங்கள். 0.8 முதல் 1.6 வரை இருந்தால் கழற்றிக் கடையில் காட்டவேண்டும். 1.6-க்கு மேல் போனால் டயரை மாற்றிவிடுங்கள். உள்ளே நூலோ கம்பியோ தெரிந்தால் அளக்கவே வேண்டாம், வண்டியை எடுக்காதீர்கள்.

புடைப்பு என்றால் பேச்சே இல்லை, டயரை மாற்றவேண்டியதுதான். உள்ளங்கையை அழுத்திச் சைடுவால் முழுவதும் தடவினால், கண்ணுக்குத் தெரியாத சிறு புடைப்பும் கைக்குத் தட்டுப்படும். உள்ளே நூல் அறுந்து, காற்று ரப்பரைத் தள்ளிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். கிருஷ்ணகிரி பக்கம் கிரானைட் கிடங்குகளின் வாசலிலும் குவாரி சாலைகளிலும் சிதறிக் கிடக்கும் கல் சில்லுகள் சைடுவாலை வெட்டும். பிறை வடிவில் ஒரு சிறு வெட்டு இருந்தாலும் விரித்து ஆழம் பாருங்கள்.

வெளியே எதுவும் தெரியவில்லை. உள்ளே பெல்ட் பிரிந்திருந்தால் எப்படிக் கண்டுபிடிப்பது?

ஓட்டும்போது டயரே சொல்லும். 30, 40 கி.மீ. வேகத்தில் ஸ்டியரிங் லேசாக இடமும் வலமும் ஆடுவது, சீட்டில் தட்தட் என்று ஒரே தாளத்தில் குத்துவது, பேலன்சிங் செய்தும் அது போகாமல் இருப்பது ஆகியவை பெல்ட் பிரிவதன் அடையாளங்கள்.

நீண்ட நாள் நின்ற வண்டியிலும் முதல் சில கிலோமீட்டர் இப்படித்தான் குதிக்கும். தரையில் அழுந்திய இடம் தட்டையாகியிருக்கும். 20, 30 கி.மீ. ஓடி டயர் சூடேறியதும் அது சரியாகிவிட்டால் கவலையில்லை. அதற்குப் பிறகும் போகாவிட்டால் சந்தேகப்படவேண்டும்.

உறுதிசெய்ய, முன் சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, பட்டனுக்கு எதிரே தரையில் ஒரு செங்கல்லையும் அதன்மேல் ஒரு பென்சிலையும் அசையாமல் வையுங்கள். பென்சில் முனை பட்டனைத் தொடாமல் சற்றே விலகி இருக்கட்டும். சக்கரத்தைக் கையால் மெல்லச் சுழற்றுங்கள். ஓரிடத்தில் மட்டும் பட்டன் பென்சிலைத் தள்ளினாலோ, நேராக ஓடவேண்டிய பள்ளக் கோடு அந்த இடத்தில் வளைந்து தெரிந்தாலோ டிஸ்க் கோணலா, டயர் கோணலா என்று பாருங்கள். டிஸ்க் விளிம்பு நேராகச் சுற்றினால் குற்றம் டயரில்தான்.

காற்று எவ்வளவு வைக்கவேண்டும்?

முதலில் எடை போடுங்கள். கேரவனுக்கு இது கட்டாயம். வேன் பாடியை வாங்கி உள்ளே கட்டில், ஏ.சி., பேட்டரிகள், ஜெனரேட்டர், தண்ணீர் டேங்க் என்று ஏற்றிய பிறகு அந்த வண்டியின் எடை யாருக்கும் தெரிவதில்லை. 200 லிட்டர் தண்ணீர் என்றால் 200 கிலோ. டேங்கை நிரப்பி, பயணத்தில் வரும் ஆட்கள், பெட்டி படுக்கை எல்லாவற்றோடும் எடை மேடைக்குப் போங்கள். முன் அச்சை மட்டும் ஏற்றி ஒரு எடை, முழு வண்டியை ஏற்றி ஒரு எடை, பின் அச்சை மட்டும் வைத்து ஒரு எடை எடுங்கள்.

முன் அச்சில் 1,900 கிலோ வந்தால் ஒரு டயருக்கு 950. சைடுவாலில் லோட் இன்டெக்ஸ் (டயர் தாங்கும் எடையைக் குறிக்கும் எண்) 107 என்றிருந்தால் அந்த டயர் தாங்குவது 975 கிலோ. மிச்சம் 25 கிலோதான். ஃபிரிட்ஜும் டேங்கும் ஒரே பக்கம் இருந்தால் அந்தப் பக்கம் நிச்சயம் தாண்டியிருக்கும். 112 இன்டெக்ஸ் டயர் 1,120 கிலோ தாங்கும். 112/110 என்று இரட்டை எண் இருந்தால் முதல் எண் ஒற்றைச் சக்கரத்துக்கு, இரண்டாவது இரட்டைச் சக்கரத்துக்கு. 110 என்றால் 1,060 கிலோ. வயசான டயரை மாற்றும்போது இந்த எண்ணை ஏற்றலாம், இறக்கக்கூடாது. ஏற்றும்போது டிஸ்க்கும் அந்தக் காற்றழுத்தத்தைத் தாங்குமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

சைடுவாலில் எழுதியிருக்கும் பி.எஸ்.ஐ. (காற்றழுத்த அளவு) அந்த டயரின் உச்ச எடைக்கான காற்று. உங்கள் எடைக்கு எவ்வளவு என்பதைக் கதவோர ஸ்டிக்கரிலோ டயர் நிறுவனத்தின் பட்டியலிலோ பாருங்கள். ஒரே அச்சில் பாரமான பக்கத்துக்கு என்ன வருகிறதோ, அதையே இரண்டு பக்கமும் வையுங்கள்.

அளப்பது காலையில், வண்டி ஓடுவதற்கு முன். வெப்பம் 10 டிகிரி கூடினால் 80 பி.எஸ்.ஐ. டயரில் 3 பி.எஸ்.ஐ. கூடும். ஓடினால் இன்னும் ஏறும். 10 முதல் 15 சதவீத ஏற்றம் இயல்பு. டயர் கட்டமைப்பிலேயே அதற்கு இடம் உண்டு. ‘வெயில் நேரம், கொஞ்சம் காற்றை இறக்கிவிடுங்கள்’ என்று வழியில் யாராவது சொன்னால் கேட்காதீர்கள். காற்று குறைந்த டயர் அதிகமாக நசுங்கும், அதிகமாகச் சூடாகும், வெடிக்கும். அதே சமயம் 20 சதவீதத்துக்கு மேல் ஏறியிருந்தால் காலையில் காற்று குறைவாக இருந்திருக்கிறது, அல்லது பாரம் கூடுதல்.

எதிர்ப்புறக் கணக்கும் உண்டு. 80 வைக்கவேண்டிய டயர் 64-ம் அதற்குக் கீழும் ஓடியிருந்தால், அதைக் காற்றில்லாமல் ஓடிய டயராகவே கொள்ளவேண்டும். காற்றை மட்டும் அடித்துவிட்டுக் கிளம்பாமல், கழற்றி உள்பக்கம் பாருங்கள். கருப்புப் பொடி உதிர்ந்திருந்தாலோ, உள்சுவர் சுருங்கிக் கோடு விழுந்திருந்தாலோ அது திரும்ப வண்டியில் ஏறக்கூடாது.

இரட்டை டயரில் ஒன்று மட்டும் கெட்டது. அதை மட்டும் மாற்றலாமா?

பக்கத்து டயர் புதியதோடு ஒத்துப்போனால் மாற்றலாம். வேன் அளவு டயர்களில் இரண்டின் விட்டத்துக்கும் 6 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் இருக்கக்கூடாது. பெரிய பஸ், லாரி டயர்களில் 12 மி.மீ. வரை போகலாம். அதற்கு மேல் போனால் உயரமான டயர் பாரத்தை எல்லாம் தன்மேல் வாங்கிச் சூடாகும், குட்டை டயர் சாலையில் உரசித் தேயும். வயசான வண்டியில் நான்கு பின் டயரும் ஒரே தேதியில் இருந்தால் நான்கையும் சேர்த்தே மாற்றுங்கள்.

உள் டயரின் காற்றை யாரும் பார்ப்பதில்லை. வால்வுக்குக் கை எட்டாததுதான் காரணம். எக்ஸ்டென்ஷன் போட்டால் எட்டும். ஆனால் தளர்ந்த எக்ஸ்டென்ஷனே காற்றைக் கசியவிடும் என்பதால், இரண்டு முனையும் நன்றாகக் கட்டியிருக்கவேண்டும். கட்டையால் தட்டிச் சத்தம் கேட்டுக் காற்றுப் பார்க்கும் பழக்கம் முழுக்க இறங்கிய டயரை மட்டும் காட்டும். 15 பி.எஸ்.ஐ. குறைந்ததைக் காட்டாது.

புது டயர் இரண்டுதான் வாங்க முடியும். முன்னாலா, பின்னாலா?

பின்னால் இரட்டைச் சக்கரம் உள்ள வண்டியில் புதியது முன்னால் போகட்டும். நான்கே சக்கரம் உள்ள சிறிய வேனில் பின்னால் போடுங்கள். ஈரச் சாலையில் பின்பக்கம் வழுக்கினால் வண்டி சுற்றிவிடும். எதுவானாலும் 6 வருடம் தாண்டிய டயரை முன் அச்சில் விடாதீர்கள்.

ஸ்டெப்னி ஒரு நாள்கூட ஓடவில்லை. அதையும் மாற்றவேண்டுமா?

ஆமாம். அதுவும் காற்றடைத்து, சூட்டில் தொங்கிக்கொண்டுதான் இருந்தது. 8 வருட ஸ்டெப்னியை மாட்டிக்கொண்டு அடுத்த டயர் கடை வரை 40, 50 கி.மீ. வேகத்தில் போகலாம். பெண்ணாகரத்திலிருந்து ஒகேனக்கல் இறங்குவதற்கோ, அஞ்செட்டி காட்டுச் சாலைக்கோ அதை நம்பாதீர்கள்.

ரீட்ரேட் செய்துகொள்ளலாமா? செகண்ட் ஹேண்ட் டயர் வாங்கலாமா?

ரீட்ரேட் என்பது உடம்பு திடமாக இருந்து பட்டன் மட்டும் தேய்ந்த டயருக்கு. வேகமாகத் தேயும் லாரி டயருக்கு அது நல்ல வழி. நம் பிரச்சினை நேர்மாறு: பட்டன் இருக்கிறது, உடம்பு வயசாகிவிட்டது. அதன்மேல் புதுப் பட்டன் ஒட்டிப் பயனில்லை. முன் அச்சில் ரீட்ரேட் கண்டிப்பாகக் கூடாது.

செகண்ட் ஹேண்ட் வேண்டாம் என்றே சொல்வோம். அந்த டயர் காற்றில்லாமல் எத்தனை தூரம் ஓடியது என்பது யாருக்கும் தெரியாது.

நைட்ரஜன் அடித்தால் ஆயுள் கூடுமா?

உள்பக்கத்து ஆக்சிஜன் தாக்குதல் கொஞ்சம் குறையும், அழுத்தம் மெதுவாக இறங்கும். வெளியே வெயிலையும் ஓசோனையும் அது தடுக்காது. சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். மாதாமாதம் அளந்து சரியாக வைக்கும் சாதாரணக் காற்றே போதும்.

மாங்காய் சீசன் முடிந்தால் வண்டி எட்டு மாதம் நிற்கிறது. எப்படி நிறுத்தி வைப்பது?

பிக்கப்போ கேரவனோ, முறை ஒன்றுதான்.

பாரத்தை இறக்குங்கள், தண்ணீர் டேங்கைக் காலி செய்யுங்கள். காற்றை முழு அளவுக்கு வையுங்கள். நிற்கும் வண்டிதானே என்று காற்றைக் குறைத்தால் சைடுவால் மடிந்தே இருக்கும், வெடிப்பு அங்கேதான் தொடங்கும். டயருக்குக் கீழே பலகை போடுங்கள். டயர் தரையில் படும் பகுதியைவிடப் பலகை எல்லாப் பக்கமும் அகலமாக இருக்கவேண்டும். ஓரம் வெளியே தொங்கினால் பாரம் முழுக்க நடுவில் விழும். எண்ணெய், டீசல் சிந்திய தரையில் நிறுத்தவே கூடாது.

புளியமர நிழல் நல்லதுதான், ஆனால் சூரியன் நகர நிழலும் நகரும். மாலை வெயில் படும் பக்கத்துச் சக்கரங்களை வெள்ளைத் துணி அல்லது வெளிர் நிறத் தார்ப்பாய் கொண்டு மூடுங்கள். வெல்டிங் பட்டறை, ஜெனரேட்டர், ஓடும் மின்மோட்டார் பக்கத்தில் நிறுத்தாதீர்கள். மின்பொறி பறக்கும் இடத்தில் ஓசோன் உண்டாகும்.

மாதம் ஒருமுறை 20, 30 கி.மீ. ஓட்டுங்கள். கொட்டகைக்குள் முன்னும் பின்னும் நகர்த்துவது தட்டையாவதைத் தடுக்கும், ஆனால் மெழுகு வெளியே வர அது போதாது. டயர் சூடேறவேண்டும். சீசன் தொடங்கும்போது முதல் லோடு மாங்கூழ் ஆலைக்குப் போவதற்கு முன் காலி வண்டியாக ஒரு நடை போய்வந்து, சீமைக் கருவேல முள் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். முள் ஏறிய டயரில் காற்று நாள்கணக்கில் மெல்லத்தான் இறங்கும்.

டயர் பாலிஷ் போடலாமா?

பெட்ரோலியம் கலந்த பாலிஷ், டீசல், மண்ணெண்ணெய் எதுவும் வேண்டாம். பளபளப்பு வரும், ஆனால் ரப்பரிலுள்ள பாதுகாப்பு மெழுகு கரைந்து போய்விடும். சோப்புத் தண்ணீரும் மென்மையான பிரஷ்ஷும் போதும். விற்பனைக்கு நிற்கும் பழைய வண்டியின் டயர் கருகருவென்று மின்னினால், கழுவிவிட்டுப் பிறகு பாருங்கள்.

கடையில் வாங்கும்போது எதைப் பார்ப்பது?

பணம் கொடுப்பதற்கு முன் ஒவ்வொரு டயரின் தேதியையும் நீங்களே படியுங்கள். 6 மாதத்துக்குள் செய்தது நல்லது, ஒரு வருடம் தாண்டியதை வாங்காதீர்கள். வருடத்துக்குச் சில ஆயிரம் கிலோமீட்டர் மட்டுமே ஓடும் வண்டிக்குக் கடையில் தூங்கிய ஒவ்வொரு மாதமும் நஷ்டம்தான். ஒரே அச்சில் ஒரே நிறுவனம், ஒரே பட்டன், ஒரே அளவு போடுங்கள். ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கவேண்டும். பில்லில் டயரின் சீரியல் எண்ணை எழுதச் சொல்லுங்கள், வாரண்டிக்கு அதுதான் ஆதாரம். 2025 செப்டம்பர் 22 முதல் புதிய டயருக்கு ஜி.எஸ்.டி. 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. அது பில்லில் தெரியவேண்டும்.

டியூப்லெஸ் என்றால் வால்வையும் சேர்த்து மாற்றுங்கள். 6 வருட ரப்பர் வால்வு, புது டயரின் காற்றை வழியிலேயே விட்டுவிடும். டியூப் டயர் என்றால் டியூபும், டியூபுக்கும் டிஸ்க்குக்கும் நடுவே வரும் ரப்பர் பட்டையான ஃபிளாப்பும் புதிதாக வேண்டும். பழைய டியூப் விரிந்து பெருத்திருக்கும், புது டயருக்குள் மடிப்பு விழுந்து அந்த மடிப்பிலேயே கிழியும். டிஸ்க்கில் டயர் உட்காரும் விளிம்பைக் கம்பி பிரஷ்ஷால் துரு நீக்கச் சொல்லுங்கள். விரிசல் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

மாட்டியதும் பேலன்சிங், அலைன்மென்ட் இரண்டும் செய்யுங்கள். வீல் நட்டுகளை வண்டிப் புத்தகத்தில் சொன்ன அளவுக்கு டார்க் ரெஞ்ச் (முடுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பேனர்) கொண்டு முடுக்கவேண்டும். 50 முதல் 100 கி.மீ. ஓடியதும் திரும்ப ஒருமுறை முடுக்கவேண்டும். புது நட்டும் டிஸ்க்கும் படிந்த பிறகு லேசாகத் தளர்வது வழக்கம்.

தொப்பூர் இறக்கத்துக்கு முன் என்ன செய்யவேண்டும்? முன் டயர் வெடித்துவிட்டால்?

தருமபுரி தாண்டியதும் ஒரு இடத்தில் நிறுத்தி, ஒவ்வொரு டயர்மேலும் புறங்கையை வையுங்கள். எல்லாம் ஒரே மாதிரி சூடாக இருந்தால் சரி. ஒன்று மட்டும் அதிகமாகக் கொதித்தால் அதில் காற்று குறைவு, அல்லது பிரேக் பிடித்துக்கொண்டே வருகிறது, அல்லது பேரிங் போகிறது. காரணம் தெரியாமல் இறங்காதீர்கள். இறக்கத்தில் கீழ் கியரிலேயே போங்கள், நியூட்ரலில் உருட்டாதீர்கள். பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால் டிரம்மின் சூடு டிஸ்க் வழியாக டயர் விளிம்புக்கு ஏறும். வயசான டயருக்கு அந்தச் சூடே போதும்.

முன் டயர் வெடித்தால் கால் தானாகப் பிரேக்குக்குப் போகும். மிதிக்கக்கூடாது. மிதித்தால் பாரம் முழுக்க முன்னால் சாய்ந்து வண்டி வெடித்த பக்கம் திரும்பிவிடும். இரண்டு கையாலும் ஸ்டியரிங்கை இறுகப் பிடித்து, வண்டியை நேராக வைப்பதை மட்டும் முதலில் செய்யுங்கள். ஆக்சிலேட்டரிலிருந்து காலை மெல்ல எடுங்கள், சட்டென்று எடுக்காதீர்கள். வேகம் தானாக இறங்கியபின் இண்டிகேட்டர் போட்டு இடது ஓரம் ஒதுங்கி, அதன் பிறகே பிரேக். டிஸ்க் தரையில் உரசினாலும் பரவாயில்லை, வளைவில் நிறுத்தாமல் நேரான இடம் வரை உருட்டிப் போங்கள். ஆட்களை இறக்கித் தடுப்புக்கு வெளியே நிற்க வைத்துவிட்டு, பின்னால் 50 மீட்டராவது தள்ளி எச்சரிக்கை முக்கோணத்தை வையுங்கள்.

கழற்றிய டயரை என்ன செய்வது?

கடையில் விட்டுவிட்டு வருவதானால் உங்கள் கண்ணெதிரே சைடுவாலில் இரண்டு இடத்தில் துளை போடச் சொல்லுங்கள், அல்லது பிளேடால் ஆழமாகக் கிழிக்கச் சொல்லுங்கள். பட்டன் நன்றாக இருக்கும் பழைய டயர்தான் கழுவி, மை பூசி, இன்னொரு வேனின் முன் அச்சுக்குப் போகும்.